கில்போவா அணை: குடிப்பவர் ஒரு ஊர், பயப்படுபவர் இன்னொரு ஊர்

பழைய அணை என்றாலே விரிசல், கசிவு என்றுதான் நினைப்போம். நியூயார்க் நகரத்துக்குத் தண்ணீர் தரும் கில்போவா அணையின் பிரச்சினை அதுவல்ல. எடை போதவில்லை, அவ்வளவுதான்.

1920களில் ஸ்கோஹரி ஓடையின் குறுக்கே கட்டியது. கில்போவா என்ற கிராமத்தையே மூழ்கடித்துத்தான் இந்த நீர்த்தேக்கம் வந்தது. அணையின் உயரம் சுமார் 180 அடி. பெரும்பகுதி கல்லும் கான்கிரீட்டும், ஒரு ஓரம் மட்டும் மண்கரை. இங்கிருந்து 18 மைல் சுரங்கம் வழியாகத் தண்ணீர் மலையைக் கடந்து தெற்கே போய், கடைசியில் நகரத்துக் குழாய்க்கு வருகிறது. ஓடை போவதோ நேர் எதிராக, வடக்கே. ஆக, அணை உடைந்தால் அடிபடுவது அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குடிக்காத மிடில்பர்க், ஸ்கோஹரி மாதிரி சின்ன ஊர்கள். எனக்கு இந்தக் கதையில் உறுத்துவதே இதுதான்.

சரி, எடைக்கு வருவோம். இது ஈர்ப்பு அணை. தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. அணை தன் கனத்தாலும் அடியிலுள்ள உராய்வாலும் நகராமல் நிற்கிறது. தண்ணீரின் ஆழம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நாலு மடங்கு. இது போதாதென்று, பாறை இடுக்குகளில் புகுந்த தண்ணீர் அணையைக் கீழேயிருந்து மேலே தூக்கும். கிணத்துக்குள்ள முங்கியிருக்கிற வரைக்கும் வாளி லேசா இருக்கும், மேல வந்ததும் கை இழுக்கும் இல்லையா, அந்தக் கணக்குதான். அடியில் நீரழுத்தம் இருக்கும் அணை காகிதத்தில் உள்ள எடையோடு நிற்பதில்லை. பல பழைய அணைகளின் வடிவமைப்பில் இந்த மேல்தூக்கு விசையைக் குறைவாகவே கணக்கில் எடுத்தார்கள்.

1996 ஜனவரி வெள்ளத்தில் அணையின் முகட்டுக்கு மேல் ஆறடிக்கும் அதிகமாகத் தண்ணீர் ஓடியது. அணை நின்றது. ஆனால் 2005இல் கணக்கைத் திரும்பப் போட்டபோது, அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் சறுக்கிவிடக்கூடும், இன்றைய பாதுகாப்பு அளவுக்கு இது தேறாது என்று தெரிந்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது: தண்ணீரை அவசரமாக இறக்க, அணையில் வேலை செய்யும் மதகு எதுவும் இல்லை! மலைச்சுரங்கம் ஒன்றுதான் வழி; அதன் கொள்ளளவு வெள்ளத்துக்குப் பத்தாது.

உடனடி வேலையாக முகட்டில் ஒரு பகுதியை ஐந்தரை அடி ஆழத்துக்கு வெட்டித் தாழ்த்தினார்கள். தண்ணீரை இறைக்க சைஃபன் குழாய்கள் வைத்தார்கள். பிறகு அணையின் ஊடே துளையிட்டு, எஃகு வடங்களை இறக்கி, பாறையில் பிணைத்து, மேலிருந்து இழுத்து முறுக்கினார்கள். கனத்தைக் கூட்டாமல் கனத்தின் வேலையை வாங்கும் உத்தி இது. (நம்ம முல்லைப்பெரியாறிலும் 1980களில் இதே மாதிரி வடம் போட்டார்கள்.) அதன் பிறகு முழுச் சீரமைப்பு. புதிய மதகுக்காக அணையை ஒட்டி நிலத்துக்குள் தனியாகச் சுரங்கமே தோண்டினார்கள்.

நடுவில், 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல். இந்தத் தடவை முகட்டுக்கு மேல் எட்டடி, 1996ஐயும் தாண்டிய வெள்ளம். அபாயச் சங்கு ஊதியது, கீழே இருந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். வடம் போட்ட அணை அசையவில்லை. ஆனால் அணை நின்றும், அதன் மேல் வழிந்து வந்த வெள்ளமே ஸ்கோஹரி ஊரை மூழ்கடித்தது.