உப்புக் கரையில் வீட்டுத் தோட்டம்

தூத்துக்குடியில் ஐப்பசி மழை தொடங்கியதும் செடி வாங்காத வீடு அரிது. வண்டியில் வரும் எலுமிச்சைக் கன்றும் மல்லிகைப் பதியனும் வாசலிலேயே விலையாகிவிடுகின்றன. தை மாதம் வரையில் அவை தளிர்விட்டுப் பார்வைக்கு இனிமையாயிருக்கும். பங்குனியில் இலையோரம் கருகும். சித்திரையில் குச்சியே மிஞ்சும். மறு ஐப்பசியில் அதே குழியில் அதே ஜாதிச் செடி மறுபடியும் நடப்படுகிறது. தங்களுக்குக் கைராசி இல்லை என்று வீட்டார் சொல்லிக்கொள்ளுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இவ்விஷயத்தில் நானும் ஒரு முறை தவறியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் புறக்கடையிலுள்ள எலுமிச்சையைக் காட்டி யோசனை கேட்டார். இலை நுனி பழுத்திருந்தது. சத்துக் குறைவென்று எண்ணி, எருவுடன் பொட்டாஷ் உப்பும் வைக்கச் சொன்னேன். ஒரு மாதத்திற்குள் மரம் பட்டுப்போயிற்று. பிறகுதான் அவர் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உப்பு மிகுந்த வேருக்கு மேலும் உப்பையே ஊட்டியிருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது.

இக்கரையில் வருஷ மழை சுமார் 65 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுகிறது. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஏடு போல் மிதந்து நிற்கும். மார்கழியில் கிணற்று நீர் குடிக்கவும் தகுந்ததாகத் தோன்றுவது இதனால்தான். நாம் இறைக்க இறைக்க அவ்வேடு தேய்ந்து உவர்நீர் மேலேறுகிறது. முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்துடன் ஓய்ந்துபோயிற்று. உப்பு ஒருநாளும் ஓய்ந்ததில்லை.

ஆகையால் செடி வாங்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. சித்திரைக் கடைசியில் கிணற்று நீரைச் சுத்தமான புட்டியில் எடுத்து மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பவேண்டும். மார்கழி நீரைக் கொண்டு முடிவு செய்யலாகாது. மின்கடத்தும் திறன் 0.7 டெசிசீமெனுக்குக் குறைந்தால் எதையும் நடலாம். 3-க்கு மேற்பட்டால் எலுமிச்சை, மா, வாழை இவற்றை மறந்துவிடுவதே நலம். நாக்கை நம்பவேண்டாம், பழகிய நாக்குக்கு உவர்ப்புத் தெரிவதில்லை.

இத்தகைய கிணறுள்ள வீட்டுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது சப்போட்டா. சீமை இலுப்பை என்று முன்னோர் வழங்கிய இம்மரம் மத்திய அமெரிக்காவில் பிறந்தது. அதை நம் நாட்டுப் பாலை மரக் கன்றின்மேல் ஒட்டுக் கட்டுகிறார்கள். பாலை கடற்கரைக் காடுகளில் தானே வளர்வது. வறட்சியையும் உவரையும் பொறுப்பது. வேர் நம்முடையது, பழம் அந்நியருடையது என்னலாம்.

வீட்டுக்கு ஒரே மரமானால் பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 ரகம் ஏற்றது. ‘கிரிக்கெட் பால்’ என்னும் பெரிய பழ ரகம் தனித்து நின்றால் நன்றாய்க் காய்க்காது. இரண்டடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, மட்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, இரண்டொரு நல்ல மழை பெய்து மேல்மண்ணின் உப்பு கீழிறங்கிய பின் நடவேண்டும். ஒட்டுப் போட்ட இடம் தரைக்கு அரையடி உயரத்திலாவது இருக்கட்டும். அதன்கீழ் துளிர்ப்பதெல்லாம் பாலை. இரக்கமின்றிக் கிள்ளிவிட வேண்டும். அதை விட்டு வைத்துவிட்டுப் பழம் வரவில்லையென்று முறையிடுவோர் அநேகர்.

தினந்தோறும் ஒரு குடம் ஊற்றும் வழக்கம் மிகக் கெடுதலானது. அந்நீர் மேல்மண்ணிலேயே உலர்ந்து உப்பைத் தங்கச் செய்கிறது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை, வேரைத் தாண்டி இறங்கும்படி நிறைய ஊற்றவேண்டும். பாத்தியைப் பனையோலையாலோ சருகாலோ மூடிவைப்பது அவசியம். தென்னை நார்க்கழிவு இட விரும்புவோர் அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசியே இடவேண்டும். மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் கழிவிலும் உப்புத் தங்கியிருக்கும்.

சப்போட்டாவுக்கு அடுத்தபடி இலந்தை, கொய்யா, மாதுளை இவை தாங்கும். பப்பாளி ஓரளவு உவரைப் பொறுத்தாலும், இரண்டு நாள் நீர் தேங்கினால் வேர் அழுகிச் சாய்ந்துவிடும். 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு வருஷ மழைக்கு அதிகமாகவே, கொட்டித் தீர்த்தது. எத்தனையோ புறக்கடைகளில் பப்பாளியும் முருங்கையும் அத்துடன் ஒழிந்தன. அவ்விரண்டையும் ஒன்றரையடி மேட்டில் நடுவது நல்லது. ஆனால் மேட்டின் உச்சியில்தான் உப்புப் பூக்கும். ஆகையால் உச்சியைத் தட்டுப்போல் குழித்து அதில் நீர் விடவேண்டும்.

பூச்செடிகளில் அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, நித்தியகல்யாணி இவற்றுக்கு என் உதவி வேண்டியதில்லை. அரளியில் மட்டும் குழந்தைகளும் ஆடுகளும் வாய் வையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் எல்லாப் பாகமும் விஷம்.

மல்லிகையின் கஷ்டம் வேறு. கார்த்திகையில் கவாத்துச் செய்தால் பங்குனி முதல் பூக்கும். அதாவது, கிணறு மிகவும் உவர்க்கும் மாதங்களிலேயே அதற்குத் தண்ணீர் வேண்டும். தாமிரபரணியிலிருந்து வரும் குடிநீரை ஊற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றரையடித் தொட்டியில் செம்மண், மணல், தொழுவுரம் கலந்து நட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரை வாளியில் பிடித்து ஊற்றலாம். அதில் உப்பே கிடையாது. நீர் சுத்திகரிக்கும் கருவி வெளியேற்றும் கழிவு நீரோ இதற்கு நேர்மாறானது. வீணாகிறதே என்று அதைச் செடிக்கு விடும் சிக்கனக்காரர் பலரைக் கண்டிருக்கிறேன். சவர்க்கார நீரும் ஆகாது. அரிசி கழுவிய நீர் நல்லது.

2003-ஆம் வருஷம் முதல் மழைநீர்ச் சேகரிப்பு நம் மாகாணத்தில் கட்டாயமாயிருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும். அதில் ஒரு பகுதியையாவது மூடிய தொட்டியில் நிறுத்தி வைத்தால், மாசி வரையில் தொட்டிச் செடிகளுக்குக் கவலையில்லை.

செம்பருத்தியும் இட்லிப்பூவும் இங்கே நரம்பு மட்டும் பச்சையாயிருக்க, இளந்தளிர் வெளுப்பதுண்டு. இது உப்பினால் அன்று. சங்கும் சிப்பியும் கலந்த மணலிலுள்ள சுண்ணாம்பு, இரும்புச் சத்தை வேர் எடுக்கவொட்டாமல் தடுக்கிறது. லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, மாலையில் இலைமீது தெளித்தால், பத்து நாளில் புதுத்தளிர் பச்சையாகும். பதினைந்து நாள் இடைவிட்டு மறுமுறையும் தெளிக்கவேண்டும்.

மேற்சொன்ன பெரியவர் எலுமிச்சைக் குழியை மூடிவிட்டு, பத்தடி தள்ளி ஒரு சப்போட்டா ஒட்டு நட்டார். நான்காம் வருஷம் அது காய்த்தது. எப்போது பறிப்பதென்று கேட்டனுப்பினார். தோலின்மேலுள்ள பழுப்புத் தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் பச்சைக்குப் பதில் மஞ்சள் தெரியும்போது பறிக்கும்படி தெரிவித்தேன். எலுமிச்சம்பழத்தை அவர் இன்னும் கடையில்தான் வாங்குகிறார்.