போலீஸ் விசாரணைக்குப் பிறகு தூக்கம் போய்விட்டதா?

ரோந்து போலீஸ் நிறுத்தி விசாரித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை என்று சொல்லும் இளைஞர்களை மனநல மருத்துவராகத் தொடர்ந்து பார்க்கிறேன். தன்பாலீர்ப்பு கொண்ட பிள்ளைகள் இவர்கள். போலீஸார் செல்போனை வாங்கிப் படங்களைப் பார்த்திருப்பார்கள். “அப்பா நம்பரைக் கொடு, பேசுறேன்” என்று மிரட்டியிருப்பார்கள். விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என்னிடம் வருவதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும்.

எப்போது வர வேண்டும்?

காக்கிச் சட்டையைக் கண்டாலே படபடப்பு, வியர்வை, நள்ளிரவில் திடுக்கிட்டு விழிப்பது, அந்தத் தெருவையே தவிர்ப்பது, வேலையில் மனம் ஒட்டாமை. இவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் கட்டாயம் சிகிச்சை வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். படபடப்புக்கு உடல் காரணம் ஏதும் உண்டா என்று பார்க்க, தேவைப்பட்டால் இ.சி.ஜி., தைராய்டு பரிசோதனைகள் செய்யப்படும்.

நம்பக் கூடாதவை

“தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” வயதுவந்த இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் பயப்படுவது சிறைக்கு அல்ல, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான். காவலர் போன பிறகும் அந்தப் பயம் போவதில்லை.

“இந்த ஈர்ப்பே ஒரு நோய்.” இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் கொடுத்த புகாரின் பேரில் நடந்த போலீஸ் விசாரணையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த வழக்கில் 2021-ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை விதித்தார்.

“கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்.” ஆகாது. கூடுதலாக இன்னொரு பிள்ளையின் வாழ்க்கையும் பாழாகும்.

“மந்திரித்தால் பயம் தெளியும், ஹார்மோன் ஊசி போட்டால் மாறிவிடுவான்.” ஊசியால் ஈர்ப்பு மாறாது, உடல்தான் கெடும். பயத்தைத் தெளிவிக்க முறையான மனநல ஆலோசனையும் சிகிச்சையும் இருக்கும்போது இந்த அலைக்கழிப்பு எதற்கு?

மாத்திரை விளையாட்டு வேண்டாம்

நண்பன் கொடுத்த தூக்க மாத்திரை, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய அல்பிரசோலம், அதன் மேல் மது. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை! சில வாரங்களிலேயே மாத்திரை இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். சீட்டில்லாமல் விற்கும் கடைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு.

கெஞ்சிக் கேட்கிறேன்

காவல் துறை நண்பர்களே, தன்பாலீர்ப்பு கொண்டோர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-ல் சேர்க்கப்பட்டுவிட்டது. விசாரிக்க வேண்டியதை மரியாதையாக விசாரியுங்கள். வீட்டுக்குச் சொல்வேன் என்று மட்டும் மிரட்டாதீர்கள். அந்த ஒரு வார்த்தை உயிரையே எடுத்துவிடலாம்.

பெற்றோரே, ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால், கை ஓங்காமல் முதலில் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தம்பி, தங்கைகளே, மருத்துவரிடம் நீங்கள் சொல்வது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. மனநல உதவிக்கு 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இன்றே அழையுங்கள், மாதக்கணக்கில் தனியாகத் தாங்காதீர்கள்.