பலகை வீட்டுத் தரை இற்றுப்போகிறதா? முதலில் ஈரத்தை நிறுத்துங்கள்

தோட்டங்களிலும் பழைய பட்டணங்களிலும் இன்னும் பல குடும்பங்கள் பலகை வீடுகளில்தான் வசிக்கின்றன. மேலே பார்க்க நன்றாக இருக்கும் தரை, திடீரென வயதானவர் ஒருவரின் காலின் கீழ் உடையும்போதுதான் அடியில் மரம் இற்றுப்போனது தெரிகிறது.

உடைந்ததைப் பெயர்த்துவிட்டுப் புதிய பலகை அடித்தால் மட்டும் போதாது. ஈரம் வரும் வழி அப்படியே இருந்தால், புதிய பலகைக்கும் அதே கதிதான்.

காரணம் என்ன?

மரத்தை அரிப்பது ஈர மரத்தில் வளரும் பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அது வளராது. அக்காலத்தில் கல் தூண்கள்மேல் தரையை உயர்த்திக் கட்டியதால், அடியில் காற்று ஓடி மரம் காய்ந்தது. பின்னர் அந்த இடைவெளியைச் செங்கல் வைத்து அடைப்பது, அங்கே பழைய சாமான்களைக் குவிப்பது, தரைமேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுவது ஆகியவற்றால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒழுகும் குழாயும் கூரைத் தண்ணீரும் நிலைமையை மோசமாக்குகின்றன.

சோதிப்பது எப்படி?

குளியலறை, சமையலறை ஓரங்களில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் இற்றுவிட்டது. மண் குழாய்கள் போன்ற தடங்கள் தெரிந்தால் கரையானும் இருக்கிறது. அதற்கு உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அழைப்பது நல்லது.

பழுதுபார்க்கும் முறை

* ஒழுகலை அடைத்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓட வழி செய்யுங்கள்.
* அடைத்த இடைவெளியைத் திறந்து, மரம் நன்றாகக் காயும்வரை காத்திருங்கள்.
* பலகையைத் தாங்கும் கட்டைகளையும் பாருங்கள். இற்ற பகுதியோடு நிறுத்தாமல், நல்ல மரம் வரும்வரை வெட்டி நீக்குங்கள்.
* கட்டை கல்லில் உட்காரும் இடத்தில் ஈரம் ஏறாத தகடு வையுங்கள்.
* செங்கால் மரம் நீண்டகாலம் தாங்கும், விலை அதிகம். மெராந்தி என்றால் மருந்து ஏற்றியதாக வாங்குங்கள். துருப்பிடிக்காத ஆணியைப் பயன்படுத்துங்கள்.

தாங்கு கட்டைகள் பல இற்றிருந்தால் அனுபவமுள்ள தச்சரிடம் விடுவதே பாதுகாப்பு.

வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானதா? தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றிப் பராமரிப்பது முதலாளியின் பொறுப்பு என 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் கூறுகிறது. சொந்தப் பணத்தைச் செலவிடும் முன், படங்களுடன் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.