குப்புசாமின்னா சிரிப்பா?

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தினமும் காலேஜுக்கு வர்றவரா நீங்க? அப்போ இது உங்களுக்குப் பழகின விஷயம். கதவோரக் கச்சேரியில ஒருத்தர் ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசிட்டா போதும், 'பீட்டர் விடாத மச்சி!' யாரோ ஒரு சாதாரண ஆளுன்னா 'குப்பனோ சுப்பனோ'. நிஜமாவே பீட்டர்னும் குப்புசாமின்னும் பேரு உள்ளவங்க அதே பெட்டியில ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாங்க. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பின் பெஞ்சுல 'களுக்'னு ஒரு சத்தம் வருமே... அதை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே கேட்டுப் பழகினவங்க.

குப்புசாமியில சிரிக்க என்ன இருக்கு? கதையைக் கேட்டா சிரிப்பு வராது. பிறந்த குழந்தைங்க அடுத்தடுத்து செத்துப்போன வீட்டுல, அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில புரட்டி எடுத்து 'குப்பன்', 'குப்பம்மா'ன்னு பேரு வைக்கிறது பழைய வழக்கம். 'இது வெறும் குப்பை'ன்னு நெனச்சு எமன் விட்டுட்டுப் போயிடுவான்னு ஒரு நம்பிக்கை. 'பிச்சை'யும் அதே ரகம்தான். அதாவது, எப்படியாவது இது நிலைக்கணும்னு பெத்தவங்க தவிச்ச பிள்ளைக்குத்தான் இந்தப் பேரு. 2015-ல கூகுள் தலைமைக்கு வந்த சுந்தர் பிச்சை பேரைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிக்கிறதில்லையே, ஏன் பாஸ்?

அப்படியே மீஞ்சூர்ல இறங்கி, காட்டுப்பள்ளி துறைமுகம் போற ரோட்டுல ஒரு டீக்கடையில நில்லுங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்னு எங்கிருந்து வேலைக்கு வந்தவரா இருந்தாலும் நம்ம ஆளுங்க வாயில எல்லாருக்கும் ஒரே பேருதான்: 'பையா'. இந்தியில அதுக்கு அண்ணன்னு அர்த்தம். நாம கூப்பிடுற தோரணையில அண்ணன் எங்கே இருக்கார்?

இதே கூத்து நமக்கும் நடந்திருக்கு. 1860-ல தொடங்கி கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறின நம்ம ஆளுங்களை, அங்கே இருந்த வெள்ளைக்காரங்க மொத்தமா 'சாமி'ன்னு கூப்பிட்டாங்க. ராமசாமி, முனுசாமின்னு முடியுதே, அதுல இருந்து உருவினது. 'கூலி'க்கு இன்னொரு சொல், அவ்வளவுதான். காந்தி சுயசரிதையில இதை எழுதியிருக்கார். கொஞ்சம் சாமர்த்தியமான ஆளுங்க, 'சாமின்னா எஜமான்னு அர்த்தம். நான் உமக்கு எஜமான் இல்லையே'ன்னு திருப்பிக் கொடுப்பாங்களாம்!

சரி, கிண்டலோட போச்சான்னா, இல்லை. பயோடேட்டா வரைக்கும் வருது. தமிழ்நாட்டுல பிறந்து அமெரிக்காவுல பொருளாதாரப் பேராசிரியரான செந்தில் முல்லைநாதன், மரியான் பெர்ட்ராண்டோட சேர்ந்து ஏறக்குறைய 5,000 பயோடேட்டாக்களை பாஸ்டன், சிகாகோ கம்பெனிகளுக்கு அனுப்பினார். தகுதியில வித்தியாசம் இல்லை, பேருலதான். 2004-ல முடிவு வெளியாச்சு. லக்கீஷா, ஜமால் மாதிரி கறுப்பர் பேரைவிட, எமிலி, கிரெக் மாதிரி வெள்ளையர் பேருக்கு 50 சதவீதம் அதிகமா அழைப்பு!

நம்ம நாடு மட்டும் யோக்கியமா? சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் ரெண்டு பேரும் இங்கே பேப்பர்ல வந்த வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டுப் பார்த்தாங்க. 2007-ல வெளிவந்த அந்த ஆய்வுல, தகுதி சமமா இருந்தும் உயர்சாதிப் பேரைவிட தலித் பேருக்கு அழைப்பு குறைவு; முஸ்லிம் பேருக்கு இன்னும் குறைவு. ஆளையே பார்க்கலை, பேரைப் பார்த்தே ஒதுக்கியாச்சு.

எல்லாத்தையும்விட மனசைப் பிசையுற பேரு நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலேயே இருக்கு. திருத்தணி பக்கம் நாராயணபுரம். பெண்ணா பிறந்துக்கிட்டே இருந்தா, அடுத்த பொண்ணுக்கு 'வேண்டாம்'னு பேரு வைக்கிற வழக்கம் அங்கே உண்டு. அப்படி வெச்சா அடுத்தது பையன்னு நம்பிக்கை. குப்பனுக்கு நேர் எதிர், கவனிச்சீங்களா? அது எமனை ஏமாத்த வெச்ச பேரு. இதுல ஏமாத்து வேலையே இல்லை, சொன்னது சொன்னபடி. ஹால் டிக்கெட்ல 'வேண்டாம்', ரோல் கால்ல 'வேண்டாம்'... யோசிச்சுப் பாருங்க.

2019-ல அந்தப் பேரு கொண்ட ஒரு இன்ஜினீயரிங் மாணவிக்கு ஜப்பான் கம்பெனி ஒண்ணுல வருஷம் 22 லட்சம் சம்பளத்துல வேலை கிடைச்சது. உடனே மாவட்ட நிர்வாகம் அவரைப் பெண் குழந்தைகளைக் காக்குற திட்டத்துக்குத் தூதராக்கிடுச்சு. சூப்பர்தான். ஆனா 22 லட்சம் வாங்காத 'வேண்டாம்'களும் இருக்காங்களே!

மகாராஷ்டிராவுல சதாரா மாவட்டம் வேற மாதிரி யோசிச்சது. அங்கே இதே பேரு 'நகுசா'. 2011 அக்டோபர்ல ஒரு விழா வெச்சு, 285 பெண்களுக்குப் புதுப் பேரு கொடுத்தாங்க. நிறைய பேருக்கு அவங்களே தேர்ந்தெடுத்த பேரு.

இங்கே விழாவெல்லாம் இல்லை, நீங்களேதான் அலையணும். எழுதுபொருள் அச்சுத்துறையில விண்ணப்பம் கொடுத்து, பேரு மாற்றம் தமிழ்நாடு அரசிதழ்ல வெளியாகணும். பழைய மார்க் ஷீட்டோட அந்த நகலையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா பைனல் இயர் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. டிகிரி சர்டிபிகேட்ல ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சிட்டா அலைச்சல் பாதி மிச்சம்.