நமுத்துப்போன நாடா

மழைக்காலத்தில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் அப்பளம் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் கிழியும். ஒரு பொழுது காயவைத்து எடுத்தால் சமர்த்தாகத் தனித்தனியே வரும். ஒலி ஆவணக் காப்பகங்களில் 1970கள், 80களின் ஸ்பூல் டேப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூள். பாட்டு இருப்பது அந்தத் தூளில். தூளைப் பட்டையோடு பிடித்துவைப்பது ஒரு பசை. 1970களின் நடுவிலிருந்து பல ரக டேப்புகளில் பாலியூரித்தேன் பசை வந்தது. புதிதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டுகள் போகப்போக, காற்றின் ஈரத்தைக் குடித்துச் சிதைந்து பிசுபிசுத்தது. ஸ்டுடியோக்கள் விரும்பி வாங்கிய ஆம்பெக்ஸ் 456 இந்தக் கோளாறுக்குப் பேர்போனது. அந்த டேப்பை அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும். பழுப்புத் தூள் உரிந்து கருவியின் ஹெட்டில் அப்பும். பஞ்சில் துடைத்து எறியும் அந்த அழுக்குதான் பாட்டு.

அதனால் ஓட்டிப் பார்ப்பது கடைசி வேலை. முதல் வேலை மூக்குக்கு. பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டேட் டேப், இன்னும் பழைய ரகம், புளிக்கத் தொடங்கிவிட்டது. நெடி இல்லையென்றாலும் நம்பிவிட மாட்டார்கள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல ஸ்பூலை விளக்குக்கு நேரே பிடிப்பார்கள். சுற்றுகளின் வழியே ஒளி கசிந்தால் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஏனென்றால் அடுத்து வரும் வைத்தியம் பாலியெஸ்டருக்கு மட்டுமே. அசிட்டேட்டைச் சூட்டில் வைத்தால் பாழ்.

வைத்தியம், காயவைப்பது. ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ், குறைந்தது எட்டு மணி நேரம், சூடு ஏறாமல் இறங்காமல். ஆம்பெக்ஸ் நிறுவனமே இதற்கு 1993இல் காப்புரிமை வாங்கியது. ஆய்வகத்து அடுப்புதான் வேண்டும் என்றில்லை. பழம் வற்றலாக்கும் மின் உலர்த்தியில் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்பூலை வைக்கிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். (கேஸ் அடுப்பையும் மைக்ரோவேவையும் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.) ஆறவிட்டு ஓட்டினால் டேப் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் காய்ந்த அப்பளம் மறுபடி நமுப்பதுபோல் இதுவும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், பழைய நிலைக்கே போய்விடும். அந்த இடைவெளிக்குள் பாட்டை இறக்கிவிட வேண்டும்.

இறக்குவதில் குக்கர் வித்தை எதுவும் இல்லை. ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். கருவியின் ஹெட் துளி சாய்ந்திருந்தாலும் தாளத்தின் கிணுகிணுப்பு மங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு டேப்புக்கும் திருகைத் தொட்டுத் திருத்துவார்கள். அதன் பிறகு கணினியின் முறை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எப்போதோ ஒருமுறை எட்டிப் பார்ப்பவருக்குப் பொங்குகிற நொடி தப்பிவிடும். குறுவட்டு நொடிக்கு 44,100 முறை எட்டிப் பார்க்கிறது. காப்பகங்கள் 96,000 முறை. பார்த்ததை அளப்பதும் 16 பிட் ஆழாக்கில் இல்லை, 24 பிட் தராசில். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் இப்படி அளந்தால் சுமார் 2 ஜிபி.

இத்தனை பெரிதாக எதற்கு, எம்பி3 போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எம்பி3 அவல் மாதிரி. எடை குறைவு, உடனே சாப்பிடலாம். ஆனால் அவலைத் திரும்ப நெல்லாக்க யாராலும் ஆகாது. காப்பகம் சேர்த்துவைப்பது நெல்லை. இரைச்சலை நீக்கிப் பளபளப்பாக்கிய பிரதி பட்டை தீட்டிய அரிசி. கேட்க வருபவருக்கு அதைக் கொடுக்கலாம், குதிரில் போட அது ஆகாது. மூலப் பிரதியில் இரைச்சல், இருமல், நாற்காலி நகரும் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பதே என் கட்சியும். தவிட்டோடு எது போகும் என்று தீட்டும்போது தெரிவதில்லை.

‘டிஜிட்டல் பண்ணியாச்சு’ என்ற சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பயம். பண்ணியதோடு வேலை முடிந்துவிட்டதாக அலமாரியைப் பூட்டிவிடுகிறார்கள். வன்தட்டு சில ஆண்டுகளில் சாகும் பண்டம். தயிருக்குத் தினமும் உறை குத்துவதுபோல், பழைய தட்டு திரிவதற்குள் புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிரதிகள் இரண்டு மூன்று, வெவ்வேறு ஊர்களில். மாற்றும்போது எதுவும் குறையவில்லை என்று எப்படித் தெரியும்? முறுக்கு டின்னை மூடும் முன் எண்ணிவைக்கும் பாட்டியின் முறைதான். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப் போட்டு ஒரு எண் எடுத்து எழுதிவைப்பார்கள், பெயர் செக்சம். பாட்டிக்கு முழு முறுக்கு காணாமல் போனால்தான் தெரியும். இதற்கு ஒரு முறுக்கின் ஒரு முள் உதிர்ந்தாலே எண் மாறிவிடும்.

இவ்வளவுக்கும் ஓட்டுகிற கருவி வேண்டுமே. பழைய டேப் கருவிகளின் உதிரி பாகங்களும் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அருகிவருகின்றன. 2025 வாக்கில் பல நாடுகளில் டேப்பை ஓட்டவே வழியிருக்காது என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி-ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் சேர்ந்து 2020இல் எச்சரித்தன. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் தாத்தாவின் கச்சேரியோ பாட்டியின் கதையோ ஸ்பூலில் இருந்தால், ஆசைக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்காதீர்கள். யார் குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெட்டி மேல் எழுதி, ஈரமில்லாத அறையில் நிறுத்திவையுங்கள். தெரிந்தவர் கையில் கொடுக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். அடுப்பங்கரைப் பரண் மட்டும் வேண்டாம்.