அருங்காட்சியகத்தில் கதைசொல்லலும் பார்வையாளர் அனுபவமும்: இஸ்தான்புல் ‘களங்கமின்மையின் அருங்காட்சியகம்’

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகம், காட்சி வடிவமைப்பு, கதைசொல்லல், பார்வையாளர், ஓரான் பாமுக்

முன்னுரை

அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் பொருள் தானாகப் பேசுவதில்லை. அது வைக்கப்பட்ட இடம், அருகிலுள்ள பிற பொருள்கள், விளக்கக் குறிப்பு, ஒளியமைப்பு, பார்வையாளர் நடந்துவரும் வழி ஆகியவை சேர்ந்தே அதனைப் பேசவைக்கின்றன. தனிமனிதச் சூழல், சமூகச் சூழல், புறச்சூழல் ஆகிய மூன்றின் ஊடாட்டமே அருங்காட்சியக அனுபவம் என்பது ஜான் ஃபால்க், லின் டியர்கிங் ஆகியோர் 1992இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்தாகும். காட்சியில் அமைந்த கதையைப் பார்வையாளர் எவ்வாறு உணர்கிறார் என்பதைத் துருக்கியிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

நாவலும் வீடும்

நோபல் பரிசு பெற்ற துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘களங்கமின்மையின் அருங்காட்சியகம்’ என்னும் நாவல் 2008இல் வெளிவந்தது. செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த கெமால், தான் இழந்த காதலி ஃபூசுன் தொட்ட பொருள்களைச் சேகரிப்பதே இதன் கதை. அதே பெயரில் இஸ்தான்புல்லின் சுகுர்ஜுமா பகுதியிலுள்ள 19ஆம் நூற்றாண்டு வீடொன்றில் 2012இல் பாமுக் அருங்காட்சியகத்தைத் திறந்தார். நாவலின் 83 இயல்களுக்கு இணையாக 83 காட்சிப்பேழைகள் திட்டமிடப்பட்டன. நாவலில் அச்சிடப்பட்டுள்ள நுழைவுச்சீட்டில் முத்திரை பெற்று வாசகர் கட்டணமின்றி உள்ளே செல்லலாம்.

பொருளும் உணர்வும்

இவ்வமைப்பை விளங்கிக்கொள்ளத் தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு துணைசெய்கிறது. வீடும் அது சுட்டும் காலமும் முதற்பொருள். தேநீர்க் குவளை, காதணி, உப்புக்குடுவை போன்றவை கருப்பொருள். பிரிவின் துயர் உரிப்பொருள். அகப்பாடலில் கருப்பொருள் உரிப்பொருளை உணர்த்துவதுபோல், இங்கும் துயரம் பொருள்களின் வழியே புலப்படுகிறது. எனினும் அகப்பாடல் தலைமக்களின் பெயரைச் சுட்டுவதில்லை. இங்கோ பெயரும் முகவரியும் கதையை மெய்யெனத் தோன்றச் செய்கின்றன.

நுழைவுத் தளச் சுவரில் 4,213 சிகரெட் துண்டுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துக் குறிப்பு உள்ளது. தனித்துப் பார்த்தால் குப்பையாகும் இத்துண்டுகள், எண்ணிக்கையாலும் வரிசையாலும் ஒருவனின் நெடுங்காலக் காத்திருப்பாக மாறுகின்றன. இதனைப் பார்வையாளர் படித்து அறிவதைவிட, சுவர் முன் நின்று கண்ணால் அளந்தே உணர்கிறார்.

இருவகைப் பார்வையாளர்

நாவலைப் படித்தவருக்குப் பேழை நினைவூட்டலாக அமைகிறது. தாம் கற்பனை செய்த பொருளையும் கண்முன் உள்ள பொருளையும் அவர் ஒப்பிட இடமுண்டு. படிக்காதவருக்கு அதே பேழை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இஸ்தான்புல் வாழ்வின் ஆவணமாகிறது. பொருள்களுக்கிடையே உள்ள தொடர்பை அவர் தாமே ஊகிக்க வேண்டும். ஆகவே, கதை ஒன்றாயினும் அனுபவம் ஒன்றன்று.

சான்றும் புனைவும்

கெமாலும் ஃபூசுனும் புனைவு மாந்தர். பேழைப் பொருள்களோ பழம்பொருள் கடைகளிலும் பிறவிடங்களிலும் திரட்டப்பட்ட மெய்ப்பொருள்கள். மேல்மாடத்தில் கெமாலின் கட்டில் உள்ளது. அவர் அங்கிருந்தே பாமுக்கிடம் கதையைக் கூறினார் என்று பார்வையாளருக்குச் சொல்லப்படுகிறது. அதே மாடத்தில் நாவலின் கையெழுத்துப் படிகளும் வைக்கப்பட்டுள்ளன. நம்பவைக்கும் காட்சியும் அது புனையப்பட்டது என்பதற்கான சான்றும் அருகருகே இருப்பதால், பார்வையாளர் புனைவை அறிந்தே அதில் ஈடுபட முடிகிறது.

வரலாற்று அருங்காட்சியகங்களும் இதே உத்திகளையே கையாளுகின்றன. உடைந்த கலம் ஒன்று கிடைத்த இடமும் மண்ணடுக்கும் சான்று. அதனைப் பயன்படுத்திய குடும்பத்தின் வாழ்வு ஊகம். இரண்டையும் ஒரே குரலில் காட்சி கூறும்போது, பொருளின் மெய்ம்மை ஊகத்திற்கும் ஏறிவிடுகிறது. அங்குப் புனைவை வெளிக்காட்டும் கையெழுத்துப் படி எதுவும் இல்லை.

முடிவுரை

காட்சி வடிவமைப்பில் கதை என்பது பொருள், இடம், பார்வையாளரின் முன்னறிவு ஆகியவை கூடி உருவாவது. மெய்யான பொருள் புனைந்த கதைக்கும் நம்பகத்தன்மை அளிக்கவல்லது என்பதை இவ்வருங்காட்சியகம் காட்டுகிறது. எனவே, சான்று எங்கு முடிகிறது, ஊகம் எங்குத் தொடங்குகிறது என்பதைப் பார்வையாளர் காணுமாறு அமைப்பது வரலாற்றுக் காட்சி வடிவமைப்பின் இன்றியமையாக் கடமையாகும்.