கயிறு முதலில், ஆள் பிறகு

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்ப்பவருக்கு அழுகிய முட்டை நாற்றம் புதிதல்ல. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ராணிப்பேட்டையிலோ பல வருடம் உழைத்தவர், கழிவுத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் மூக்கைத் துளைத்தால் சற்றுத் தயங்குவார். கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியாமல் போய்விட்டால், காற்று கலைந்துவிட்டது என்று நம்பி ஏணியில் கால் வைப்பார். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது.

நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவினுடையது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 100 பங்கைத் தொட்டால் சில நிமிடங்களில் முகரும் நரம்பு மரத்துப்போகும். வாயு அப்படியே இருக்கும், நாற்றம் மட்டும் தெரியாது. 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. நம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை, 8 மணி நேர வேலைக்கு இந்த வாயு சராசரியாக 10 பங்கைத் தாண்டக் கூடாது என்றது. மூக்கை நம்பி இந்த அளவைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

தோல் தொழிலில் இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பச்சைத் தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அப்படி இருக்கும்வரை சல்பைடு பெரும்பாலும் தண்ணீரிலேயே அடங்கிக் கிடக்கும். குரோம் பதனிடும் கட்டத்தில் வரும் தண்ணீரோ அமிலம். இரண்டும் ஒரே சம்ப்பில் சேர்ந்தால் அடங்கிக் கிடந்தது வாயுவாகப் பொங்கி எழும். இது தவிர, அடியில் தேங்கிய கசடில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் சல்பேட்டைத் தின்று நாள் முழுக்க இதே வாயுவை உண்டாக்குகின்றன. அது கசடுக்குள் குமிழாகச் சிறைப்பட்டிருக்கும். மேலே நின்று பார்த்தபோது ஒன்றும் இல்லாத தொட்டி, உள்ளே இறங்கி மண்வெட்டியால் கிளறியதும் கொலைக்களமாவது இதனால்தான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது அடியிலேயே படுத்துக் கிடக்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தோல் கழிவிலிருந்து பாலாற்றைக் காக்க வந்த பெரிய தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அது உறுதிசெய்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. சேகரிப்புத் தொட்டி, சமப்படுத்தும் தொட்டி, படிவுத் தொட்டி, கசடுத் தொட்டி என்று இந்த மண்ணில் மூடிய குழிகளும் பெருகின. ஆற்றுக்காக அவை வேண்டியவைதான். ஆனால் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் மனிதனின் மூச்சைப் பற்றி அதே அக்கறையோடு எவரும் கணக்குப் போடவில்லை. தொட்டிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் காப்பு இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கசடு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த மேற்கு வங்கத்திலேயே, கொல்கத்தாவை அடுத்த பந்தலா தோல் வளாகத்தில் 2025 பிப்ரவரி 2 அன்று பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறங்கிய 3 பேர் இறந்தார்கள். பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

தொட்டிச் சாவுகளில் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. முதலில் விழுந்தவரோடு சாவு நிற்பதில்லை. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று இறங்கி 6 பேர் இறந்தார்கள். ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் அதில் உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை, இத்தகைய மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்றது. அண்ணன் விழுந்தால் தம்பி குதிக்கிறான், உடன் வேலை செய்தவன் குதிக்கிறான். அது பாசம், அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் பாசத்தால் மூச்சுக் கொடுக்க முடியாது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதும் துணி மாஸ்க் போட்டுக்கொள்வதும் இந்த வாயுவின் முன் ஒன்றுமே இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஆள் இறங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியது: இவர் உள்ளே மயங்கினால், இன்னொருவர் இறங்காமலே இவரை எப்படி மேலே எடுப்பீர்கள்?

இதற்கான விடை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. அதன் 36ஆம் பிரிவு, வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும் ஆளை இறக்கும் முன் இரண்டில் ஒன்று வேண்டும் என்றது. தகுதி பெற்றவர் தானே சோதித்து, ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். நாடு விடுதலை பெற்ற மறுவருடமே எழுதிவைத்த விதி. இன்றும் எத்தனையோ தொட்டிகளின் வாயில் அந்தக் கயிறு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆபத்தில்லாத பணியிடம் தருவது முதலாளியின் கடமை என்பதும், உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சும் தொழிலாளி அதை முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம் என்பதும் அதிலும் உண்டு.

கயிறு என்றால் வெறும் கயிறு போதாது. மயங்கிய மனிதனை இடுப்பில் கட்டிய கயிற்றால் தூக்கினால் உடல் இரண்டாக மடங்கி மேன்ஹோல் விளிம்பில் சிக்கிக்கொள்ளும். சேறு அப்பிய ஆளைக் குனிந்து நின்று கையால் இழுப்பது மூன்று பேருக்குக்கூடப் பெரும்பாடு. அதற்குள் மூச்சில்லாத நான்கைந்து நிமிடம் ஓடிவிடும், மூளை சேதப்படத் தொடங்கிவிடும். முழு உடல் ஹார்னஸ் அணிந்திருந்தால் தோள்பட்டைப் பக்கத்துக் கொக்கியில் கயிற்றை மாட்டலாம். அப்போது உடல் நிமிர்ந்து, தலை மேலாக, குறுகிய வாய் வழியே வரும். தொட்டியின் மேல் முக்காலி போன்ற டிரைபாட் நிறுத்தி அதில் கைவின்ச் பொருத்தியிருந்தால் ஒரே ஆள் சுற்றி மேலே கொண்டுவந்துவிடலாம். ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்கக் கயிறு மாட்டியே இருக்க வேண்டும். மயங்கிய பிறகு கீழே போய் மாட்டுவதற்கு யாரும் இல்லை.

இதைப் பழகாமல் செய்ய முடியாது. நல்ல பயிற்சியில் மணல் நிரப்பிய பொம்மையைத் தொட்டிக்குள் விட்டு, கடிகாரம் பார்த்துத் தூக்கச் சொல்வார்கள். கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்றிலும் சோதிக்கச் சொல்லித் தருவார்கள், ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. புளோயர் போட்டுக் காற்றடித்த பிறகும், கசடைக் கிளறும் ஒவ்வொரு முறையும், கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்கி மோட்டாரின் சுவிட்சையும் உள்ளே வரும் குழாயின் வால்வையும் பூட்டி, சாவியை இறங்குபவர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் டிரம்முக்குள் தோல் அள்ளப் போகிறவருக்கும் இதே பூட்டு வேண்டும். சிலிண்டர் மூச்சுக்கருவியின் கணக்கும் தெரிய வேண்டும்: 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1,800 லிட்டர் காற்று, கடுமையாக உழைப்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பார். முக்கால் மணி நேரம் என்று தோன்றும். திரும்பி ஏற வேண்டிய நேரத்தைக் கழித்தால் அரை மணிதான் வேலை. உள்ளே குழாய்களும் கலக்கிக் கைகளும் குறுக்கிட்டுக் கயிறு சிக்கும் என்றால், மூச்சுக்கருவி அணிந்த மீட்புக்குழு தயாராக நிற்காமல் அந்த இடத்துக்குள் நுழையவே கூடாது.

உயரத்துக்கும் இதே நியாயம். உயர்ந்த தொட்டியின் மேல் விளிம்பிலும் ஆவியாக்கி எந்திரத்தின் மேல் தளத்திலும் வேலை செய்பவர் தவறி, பாதுகாப்புப் பட்டையில் தொங்கினால் பிழைத்துவிட்டார் என்று மூச்சு விடக் கூடாது. அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும்.

தீயணைப்பு வண்டி வராதா என்று கேட்கலாம். வரும். 101ஐயும் 112ஐயும் உடனே அழைக்க வேண்டும்தான். ஆனால் நான்கைந்து நிமிடக் கணக்கில் எந்த நிலையத்து வண்டியும் வந்து சேராது. மீட்பு, தொட்டி வாயிலேயே நிற்க வேண்டும். பயிற்சி தரத் தகுந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது, அதாவது இதே ராணிப்பேட்டை மாவட்டத்தில். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிற்பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறது. ஒவ்வொரு சிறு தோல் ஷாப்பும் டிரைபாடும் சிலிண்டரும் வாங்க முடியாது என்று சொன்னால், அதில் ஓரளவு நியாயம் உண்டு. கழிவைச் சுத்திகரிக்கக் கூட்டாக நிலையம் கட்டிய முதலாளிகள், மீட்புக்கும் கூட்டாக ஒரு குழுவை ஒவ்வொரு ஊரிலும் வைக்கலாமே. அந்தக் குழு வந்து நிற்காமல் எந்தத் தொட்டியும் திறக்கப்படாது என்று ஒரு விதி போதும்.

இனி, உயிர் போய்விட்ட வீட்டுக்கு. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சம் என்று வைத்தது. 2023 அக்டோபர் 20இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம்.

ஆனால் தோல் ஷாப்பில் ஒரு சிக்கல் எழும். அந்தச் சட்டம் மனிதக் கழிவு சேரும் தொட்டியையும் சாக்கடையையும் பற்றியது. இறந்தது ரசாயனக் கழிவுத் தொட்டியில், ஆகவே அந்த 30 லட்சம் பொருந்தாது என்று நிர்வாகத் தரப்பு வாதாடலாம். எனவே முதல் தகவல் அறிக்கை எழுதும் நாளிலேயே உறவினர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் எந்தெந்தக் கழிவு வந்து சேர்ந்தது, கழிப்பறைக் குழாய் அதில் இணைந்திருந்ததா, யார் இறங்கச் சொன்னார், எழுத்து அனுமதி இருந்ததா, கயிறும் கருவியும் இருந்தனவா என்பவை எல்லாம் அறிக்கையில் பதிவாக வேண்டும். தொட்டியின் படமும் உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலமும் கையில் இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம்.

30 லட்சம் தள்ளிப்போனாலும் வழி அடைபடாது. தொழிற்பாதுகாப்பு மீறலுக்காக முதலாளி மீது தனி வழக்கு நிற்கும். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி என்றால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை கிடைக்கும்; இல்லையென்றால் பணி இழப்பீட்டுக்கு மனுப்போடலாம். மேஸ்திரி கூட்டிவந்த ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று முதலாளி கைகழுவ முடியாது. மேற்கு வங்கமோ பீகாரோ, எந்த ஊர்த் தொழிலாளிக்கும் இதே உரிமைதான். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100ஐ அழைக்கலாம்.

உயிரோடு இருக்கும்போது கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், ஹார்னஸையும் வின்ச்சையும் காட்டச் சொல்லுங்கள், மேலே நிற்கப்போகிறவர் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்ற பயம் உண்மையானது. சங்கம் வழியாக, ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. கடிதத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: கடைசியாக எந்தத் தேதியில் மீட்புப் பயிற்சி நடந்தது, பொம்மையைத் தொட்டியிலிருந்து தூக்க எத்தனை நிமிடம் ஆனது.